விளம்பரம் வராத வீடு

"அந்தப் பொட்டிய மொதல்ல புடுங்கிக் கடாசு" என்று மூன்றாவது முறையாகச் சொன்னாள் மங்கம்மாள்.

அது இல்லாவிட்டால் நெட்டே வராது என்று மகன் இளவழகன் சிரித்தான். மாமியாருக்கு இந்த வீட்டில் புதிதாக எது வந்தாலும் ஆகாது, நானும் புதிதாக வந்தவள்தானே என்று காவியா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பெட்டி இளவழகனின் கைவேலை. வீட்டு வைஃபையில் எந்த ஃபோன் எந்தத் தளத்தைத் தேடினாலும் முதலில் இதனிடம்தான் விலாசம் கேட்கும். விளம்பரக்காரர்களின் பெயர்களை அதில் ஏற்றிவைத்திருந்தான். அவர்களைக் கேட்டால் பெட்டி கையை விரித்துவிடும். பெண்டாட்டி ஃபோனில் ரம்மி விளம்பரம் வந்து விழக்கூடாதாம். இப்படியொரு புருஷன் ஜவ்வாது மலையிலேயே கிடையாது என்று அவளுக்குப் பெருமை. முந்தாநாள் அவன் வாய்க்குள் சொல்லிக்கொண்டே கடைசியாகப் பெயர் ஏற்றும்போது பக்கத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தவள் மங்கம்மாள். அன்றைக்குப் பிடித்ததுதான் இந்தப் புடுங்கு பாட்டு.

பெருமை இன்றைக்கு உதவவில்லை. வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றில் காவியாவுக்கு நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. சாயங்காலத்துக்குள் அவர்கள் தளத்தில் சம்மதம் சொல்லாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு. அந்தத் தளம் மட்டும் காலையிலிருந்து திறக்கவில்லை. ஊரில் டவரும் கிடையாது, வைஃபையை விட்டால் வழியில்லை.

இளவழகன் அவளுக்கு மேல் தவித்தான். நீ போய்ட்டா இந்த வூடு இன்னா ஆவறது என்று முன்பு ஒருமுறை விளையாட்டாகக் கேட்டதோடு சரி, தடை சொன்னதில்லை. ரவுட்டரை அணைத்துப் போட்டான், ஃபோனை வாங்கித் தானே தட்டினான். டவர் கிடைக்கும் போளூருக்கு இறங்கிப் போய்ப் பார்க்கட்டுமா என்று காவியா கேட்டாள்.

"இந்த மழையில எதுக்கு? அவங்க சர்வர் படுத்துக்கினு இருக்குது. வந்துடும்."

வரவில்லை. பொழுது சாய்ந்ததும் காவியா விம்மி அழுதாள். போகட்டும் வுடு என்று அவன் தலையைத் தடவினான். மங்கம்மாள் பெட்டியையே முறைத்துக்கொண்டிருந்தாள். கிழவிக்கு இப்போது குளிர்ந்திருக்கும் என்று காவியாவுக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் அவன் மில் வேலைக்குப் போன பிறகு மனசு கேட்காமல் தட்டினாள். தளம் சட்டென்று திறந்தது. கெடு முடிந்துவிட்டது என்றது.

"பாத்தீங்களா அத்தே, இன்னிக்குன்னு சர்வர் சரியாய்டுச்சி."

மங்கம்மாள் எழுந்து வந்து பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள்.

"அவன பெத்தவ நானு, வேற எப்படிம்மா சொல்லுவேன்? நேத்து ராத்திரி வரைக்கும் உன் ஆஸ்பத்திரி பேரயும் இதுலதான் போட்டு வச்சிருந்தான்."