மூன்றாவது வரைவிலக்கணம்

"பிள்ளை, நான் கேட்டது ஒரு கேள்வி. நீர் எத்தனை விடை சொல்லப்போறீர்?"

கதிர்காமநாதன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். வாய்மொழிப் பரீட்சை நடத்த யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்கு வந்தவர். திரும்பிப்போக மத்தியான ரயிலைப் பிடிக்கவேண்டும். பேரைக் கூப்பிட்டு முடிந்த பிறகு ஓடிவந்த ஒருவனை, "அடுத்த வருசம் வாரும்" என்று காலையிலேயே திருப்பி அனுப்பியிருந்தார்.

எதிரே ஷிஹானா இருந்தாள். முதலிடத்துக்கு இவளும் சுதாஜினியும்தான் போட்டி என்று பக்கத்தில் இருந்த விரிவுரையாளர் பிரேமிளா சொல்லிவைத்திருந்தார்.

கேள்வி என்னவோ இலகுதான். சேவை நோக்குக் கட்டமைப்பு என்றால் என்ன? முதலில் அவள் ஒழுங்காகத்தான் தொடங்கினாள்.

"மென்பொருளை ஒரே பாறாங்கல்லாக் கட்டாமல், சின்னச் சின்னச் சேவையளாப் பிரிச்சு, ஒண்டை ஒண்டு கூப்பிட விடுறது, சேர்."

"சரி. போதும்."

"ஆனா அது தொழில்நுட்பக்காரர் சொல்லுறது. நிர்வாகம் படிச்ச ஆக்களுக்கு இது மென்பொருளே இல்லை, சேர். ஒரு நிறுவனம் தன்ர வேலையளைப் பிரிக்கிற விதம். ஆஸ்பத்திரியில துண்டு எழுதுறது ஒரு சேவை, மருந்து குடுக்கிறது இன்னொரு சேவை..."

"நீர் எந்தப் பக்கம்?"

ஷிஹானா ஜன்னலைப் பார்த்தாள்.

"மூண்டாவதும் இருக்கு, சேர். சேவை எண்டால் கேட்ட ஆளுக்கு வேலை நடக்கவேணும். உள்ளுக்க என்ன நடந்தது எண்டு வெளியில தெரியத் தேவையில்லை."

"அதையும் விட்டிட்டு நாலாவதுக்குப் போவீர் போல."

"ஓம் சேர். ஒண்டு விழுந்தா மற்றது விழக்கூடாது, அதுதான் முக்கியம் எண்டு சொல்லுறவையும் இருக்கினம். அஞ்சாவது, இதுகளை விக்கிற கொம்பனிக்காரர் சொல்லுறது."

"அவை என்ன சொல்லுகினம்?"

"எங்கட சாமானை வாங்கினாச் சரி எண்டு."

பிரேமிளாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதிர்காமநாதனுக்கு வரவில்லை.

"ஜன்னலில விடை ஒட்டியிருக்கோ பிள்ளை? அடிக்கடி அங்கை பாக்கிறீர்."

"இல்லை சேர். ஆறாவது ஒண்டு..."

வெளியே வாசல் கேற் கிறீச்சிட்டது.

"ஆறாவது தேவையில்லை, சேர். முதல் சொன்னதுதான் என்ர விடை."

எழுந்து போய்விட்டாள்.

"இதுக்கோ முதலிடம்?" கதிர்காமநாதன் புள்ளியைக் குறைத்துப் போட்டார். "சந்தையில கிடந்த மரக்கறி முழுக்கக் கிண்டிப்போட்டு, கடைசியில முதல் தொட்ட கத்தரிக்காயை எடுத்துக்கொண்டு போறா. அடுத்த ஆளைக் கூப்பிடும். இல்லாட்டி வரேல்லை எண்டு போடும், நான் கோச்சிக்குப் போகவேணும்."

கூப்பிட்ட கையோடு சுதாஜினி வந்தாள். நெற்றியில் வியர்வை, விரல்களில் கிறீஸ்.

அதே கேள்வியைக் கேட்டார். அவள் ஒரே வசனத்தில் சொல்லி நிறுத்தினாள்.

"பாத்தீரோ பிரேமிளா? இது விடை. முந்தி வந்தவவுக்கு ஒண்டிலயும் நிக்கத் தெரியேல்லை."

சுதாஜினி விழித்தாள். "ஷிஹானாவுக்கோ, சேர்? எனக்கு இதைச் சொல்லித் தந்ததே அவள்தான்."

"அப்ப ஏன் இவ்வளவு நேரம் இழுத்தவ?"

சுதாஜினி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிரேமிளாவைப் பார்த்தாள். இனி மறைக்க முடியாது.

"வாற வழியில, நெளுக்குளத்தில சைக்கிள் செயின் கழண்டு நிக்கேக்க அவளுக்குப் போன் எடுத்தனான், சேர். 'அவசரப்பட்டு விழுந்து எழும்பாமல் ஆறுதலா வா. நீ வருமட்டும் நான் உள்ளுக்க கதைச்சுக்கொண்டிருக்கிறன்' எண்டவள்."

கதிர்காமநாதன் கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஷிஹானாவுக்குப் போட்ட புள்ளியை வெட்டிவிட்டு, பேனையோடு நிமிர்ந்தார்.

"உள்ளுக்க என்ன நடந்தது எண்டு வெளியில தெரியத் தேவையில்லை... அது எத்தினையாவது, பிரேமிளா?"