இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே

"மேடம் போட்ட மெயிலை யாரோ நடுவுல பிடிச்சு வெச்சிருக்காங்க!"

மேனேஜருக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

விஷயம் சின்னதுதான். மாடிப்படியை அடைத்துக்கொண்டு நிற்கும் பழைய அலமாரியை நீக்கச் சொல்லி, எம்.டி. மேடம் நேற்றுக் காலை ஸ்டோர்ஸுக்கு மெயில் போட்டிருந்தார். அது இன்றைக்குக் காலையில்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

புரோகிராமர் சாப்பிடப் போன நேரமாகப் பார்த்து, மேனேஜர் அவருடைய கம்ப்யூட்டரைக் குடைந்தார். அகப்பட்டுவிட்டது. கம்பெனி மெயில் புரோகிராமில், மேடம் பெயருக்குக் கீழே ஒரே ஒரு வரி:

*நீக்க* : நிறுத்தி வை.

கை கழுவிக்கொண்டு வந்தவரை அப்படியே பிடித்துக்கொண்டார்.

"இது என்னய்யா, முன்னால ஒரு நட்சத்திரம், பின்னால ஒரு நட்சத்திரம்?"

"நட்சத்திரம் இருக்கிற இடத்துல என்ன எழுத்து வேணா வரலாம் சார். நடுவுல அந்த மூணெழுத்து இருந்தா போதும், மெயில் நின்னுடும்."

"மேடம் மெயிலா?"

"ஆமா சார். மறுநாள் காலை வரைக்கும்."

"அலமாரி மேல உனக்கு அவ்வளவு பாசமா?"

"அது தெரியாம சிக்கிடுச்சு சார். வலையைக் கொஞ்சம் அகலமா விரிச்சுட்டேன். என் தப்புதான்."

"அப்போ நிஜமா எதுக்கு விரிச்சே? யார் சொல்லி?"

புரோகிராமர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அதை நான் சொல்லக்கூடாது சார்."

அவ்வளவுதான், மேனேஜருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. போட்டிக் கம்பெனிக்குத் தகவல் போகிறது! பத்து வருஷமாக வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தானே, அமுக்குணி!

"வேலை போச்சுன்னு வெச்சுக்கோ. ரெண்டு பொண்ணுங்களைப் படிக்க வைக்கிறவன் செய்யற காரியமா இது? நட, மேடம்கிட்ட!"

மேடம் அறையில் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார்.

"பச்சைத் துரோகம் மேடம்! இன்னைக்கே ஆளை அனுப்பிடணும். நீங்க ஒரு டிஸ்மிஸ் மெயில் தட்டினா போதும்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"தட்டினாலும் போகாது சார். அதுவும் நாளைக் காலை வரைக்கும் நிக்கும்."

"மேடம்...?"

"அந்த வரியை எழுதச் சொன்னதே நான்தான். யார்கிட்டயும் மூச்சுவிடக் கூடாதுன்னு சொன்னதும் நான்தான். கோபம் வந்தா எனக்குக் கண்ணு மண்ணு தெரியாது. 'பணியிலிருந்து நீக்கப்படுகிறீர்கள்'னு அடிச்சுத் தள்ளிடுவேன். அப்புறம் ஒரு குடும்பத்தை நடுத்தெருவுல விட்டுட்டோமேன்னு மனசு கிடந்து அடிச்சுக்கும். இப்போ, மறுநாள் காலையில 'அனுப்பட்டுமா?'ன்னு கம்ப்யூட்டர் கேட்கும். வேண்டாம்னுடுவேன். இதுவரைக்கும் மூணு லெட்டர் அப்படி நின்னிருக்கு."

மேனேஜர் அசடு வழிந்தார். ஆனாலும் ஆசாமிக்குப் பழக்கதோஷம் விடவில்லை. மேஜைப் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"அந்த மூணு பேர் யாருன்னு மட்டும் சொல்லுங்க மேடம். அவங்க மேல நான் ஒரு கண்ணு வெச்சுக்கறேன்."

"மூணு பேர் இல்லை. மூணும் ஒரே ஆளுக்கு எழுதினதுதான்" என்றார் மேடம். "உங்களுக்கு."