நடுக்கட்டம்

"அதையும் கழட்டிக் கொடுங்க. நடுக்கட்டம் காலியா இருக்கு."

தையல் மெஷினிலிருந்து மனைவி நிமிரவில்லை. அவன் குனிந்து தன் மார்பைப் பார்த்தான். நீல டீஷர்ட், குடோனின் பெயர் வெள்ளை எழுத்தில்.

"இதைப் போட்டுட்டுத்தானே ஷிப்டுக்குப் போகணும்?" என்றான்.

அந்த வேலையை முந்தின ராத்திரியே உதறியிருந்தான். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கை நீட்டிப் பேச, இவன் கையுறையைக் கழற்றி வீசிவிட்டு வந்துவிட்டான். இன்னொரு வேலையை விட்டால் பிள்ளையோடு அம்மா வீட்டுக்குப் போய்விடுவதாக மனைவி எச்சரித்திருந்தாள். சொன்னால் செய்கிறவள். புது வேலை கிடைக்கும்வரை மூச்சு விடக் கூடாது. அவள் கட்டிவைத்த டிபன் பாக்ஸோடு கிளம்பி, பஸ் நிலைய பெஞ்சில் விடியும்வரை கிடக்க வேண்டியதுதான்.

கட்டிலில் போர்வை விரிந்து கிடந்தது. அவன் விட்ட வேலைகளெல்லாம் கட்டம் கட்டமாக: பெட்ரோல் பங்க், கூரியர், ஜிம், செக்யூரிட்டி. சேரும்போது கொடுத்த டீஷர்ட்கள். இழுத்த இழுப்புக்கு நீளும் துணி. அடியில் தடித்த துணி வைத்து, விடாப்பிடியாகத் தைத்திருந்தாள்.

வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்தால் மானம் போகும் என்று முனகினான். கூரியரையும் பங்க்கையும் ஏன் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாய் என்று கேட்டான்.

"ரெண்டு இடத்துலயும் சண்டை போட்டுட்டுத்தானே வந்தீங்க? ஒண்ணுக்கொண்ணு ஆறுதலா இருக்கட்டும்." கையை நீட்டினாள். "கழட்டுங்க. காலையில நீங்க தூங்கும்போது சூப்பர்வைசர் போன் பண்ணினார். அடையாள அட்டையைத் திருப்பிக் கேட்டார். நானே கொண்டுபோய்க் கொடுத்துட்டேன்."

மூலையில் பெட்டி ஏதும் கட்டியிருக்கிறதா என்று கண் தேடியது. இல்லை. டிபன் பாக்ஸைப் பிடித்த கையோடு தடுமாறிக் கழற்றிக் கொடுத்தான்.

அவள் குடோனின் பெயரைச் சதுரமாக வெட்டி, நடுவில் வைத்து, நாலு பக்கமும் தையல் ஓட்டி முடித்தாள். பிறகு பையைத் திறந்து இன்னொரு நீல டீஷர்ட்டை எடுத்தாள். அதே வெள்ளை எழுத்து. அளவு மட்டும் சின்னது.

"அதையும் வெட்டப் போறியா?"

"இதை எதுக்கு வெட்டணும்? அட்டையைக் கொடுக்கும்போதே, உங்க இடம் காலியாத்தான் இருக்கான்னு கேட்டேன். இன்னிக்கே வரச் சொல்லிட்டார்."

புடவைக்கு மேலேயே டீஷர்ட்டை மாட்டிக்கொண்டாள்.

"பிள்ளையைத் தூங்க வைங்க. போர்வை உங்களுக்குத்தான்" என்றபடி, அவன் கையிலிருந்த தன் டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு செருப்பை மாட்டினாள்.