இருளாயியின் திரிகோணாசனம்

"இருளாயிக்கா, இடது தோள் மறுபடியும் முன்னால விழுது பாருங்க. பின்னால இழுங்க."

ஆன்மேரி இருந்த இடத்திலிருந்தே சொல்லிப் பார்த்தாள். மற்ற பெண்களெல்லாம் காலை அகட்டி, வலப்பக்கம் சாய்ந்து, ஒரு கையால் கணுக்காலைத் தொட்டு, மறு கையை மேலே உயர்த்தி நின்றார்கள். இருளாயி மட்டும் பாதி சரிந்த பந்தக்கால் மாதிரி நின்றாள்.

"இழுத்துட்டேன் டீச்சர்."

"எங்க இழுத்தீங்க? இருங்க, வாரேன்."

ஆன்மேரி எழுந்து போய் ஒரு கையைத் தோளிலும் ஒரு கையை இடுப்பிலும் வைத்துத் திருப்பினாள். உடனே இருளாயியின் உடம்பு நேரானது. கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சு சீராக வந்தது. சரி, வந்துவிட்டது என்று ஆன்மேரி கையை எடுத்து நாலடி நகர்வதற்குள் தோள் பழையபடி விழுந்தது.

நாகமலை புதுக்கோட்டையில், எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களுக்காக நடக்கும் மையம் அது. காலையில் யோகா வகுப்பு. "எச்.ஐ.வி.க்குக் குடுக்குற கூட்டு மருந்த ஒரு நாளும் விடக் கூடாது. இது அதுக்குத் துணைதான். நல்லாத் தூக்கம் வரும், மனசு அடங்கும்" என்று ஆன்மேரி முதல் நாளே சொல்லிவிடுவாள். பெண்கள் கற்றுக்கொண்டு, வீட்டில் பார்த்துச் செய்யப் போனில் வீடியோவும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அடுத்த குழு வரும். இருளாயி மட்டும் போன குழுவிலும் இருந்தாள், இந்தக் குழுவிலும் இருக்கிறாள்.

வகுப்பு முடிந்ததும் ஆன்மேரி அவளைத் தனியாக அழைத்தாள். நரம்பில் ஏதும் கோளாறு வந்திருக்குமோ என்ற பயம் அவளுக்குக் கொஞ்ச நாளாகவே இருந்தது.

"மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களாக்கா? கை, கால் மரத்துப் போகுதா?"

"அதெல்லாம் இல்ல டீச்சர். ரத்தத்துல கிருமி தட்டுப்படவே இல்லன்னு போன வாட்டி டாக்டரே சொன்னாரு."

"வீட்ல எதுவும் கஷ்டமா?"

"தம்பி வீட்லதான இருக்கேன். ஒரு கொறையும் இல்ல. எனக்குன்னு தனி ரூம் போட்டுக் குடுத்துருக்கான். தனித் தட்டு, தனி டம்ளர், துணி காயப்போடக்கூட தனிக் கொடி. தம்பி பொண்டாட்டி தமிழ்ச்செல்வியும் ஒரு சொல்லு கடிஞ்சு பேசாது. வேளாவேளைக்குச் சோத்த வாசப்படியில வச்சுட்டு, 'மதினி'ன்னு குரல் குடுத்துட்டுப் போயிரும்."

ஆன்மேரி அவளைப் பார்த்தாள். இருளாயியின் முகத்தில் புகார் எதுவும் தெரியவில்லை. வலது உள்ளங்கையை இடது தோள்மேல் வைத்தபடி நின்றிருந்தாள்.

"தோள் வலிக்குதா?"

"இல்ல டீச்சர். சும்மாதான்."

"வெள்ளிக்கிழமையோட இந்தக் குழு முடியுதுக்கா. மூணாவது தடவையும் சேக்கச் சொன்னா ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க. உங்களுக்கும் வீடியோ ஏத்தித் தாரேன். வீட்டுல பாத்து மெதுவாப் பண்ணுங்க."

"வீடியோ வேணாம் டீச்சர்." வெடுக்கென்று சொல்லிவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டாள். "ஒரு வார்த்த கேட்டுப் பாருங்களேன். எனக்குத்தான் இன்னும் வரலையே."

அந்தக் கெஞ்சல் ஆன்மேரியை என்னவோ செய்தது. நேராக நிர்வாகி ஸ்டீவ் அறைக்குப் போனாள். புதிதாகச் சேரக் காத்திருப்பவர்களைச் சொல்லி அவர் முதலில் மறுத்தார். "ஒருத்தங்களுக்கு இன்னும் வரல சார். பாதியில அனுப்ப எனக்கு மனசு வரல" என்று இவளும் விடவில்லை. வாக்குவாதம் முற்றி, கடைசியில் அவர் அரை மனதாகத் தலையை ஆட்டினார்.

வெள்ளிக்கிழமை, இருளாயியிடம் அந்த நல்ல செய்தியை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று திருப்பரங்குன்றத்திலிருந்து வழக்கமாக வரும் பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸிலேயே வந்து இறங்கினாள் ஆன்மேரி. ஊரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து ஹாலைப் பெருக்கி, பாய் விரித்து வைப்பது இருளாயியின் வழக்கம்.

ஹால் வாசலில் செருப்பைக் கழற்றியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளே இருளாயி தனியாகத் திரிகோணாசனத்தில் நின்றிருந்தாள். தோள் விழவில்லை. முழங்கால் மடங்கவில்லை. உயர்த்திய கை துளியும் ஆடவில்லை. மெதுவாக நிமிர்ந்து, மறுபக்கம் சாய்ந்து, அதையும் அதே நேர்த்தியோடு செய்தாள். சொல்லிக்கொடுத்த ஆன்மேரிக்கே அத்தனை சுத்தமாக வராது.

"இருளாயிக்கா."

திடுக்கிட்டுத் திரும்பியவள், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இம்புட்டு நாளா என்னை ஏமாத்திட்டா இருந்தீங்க?" ஆன்மேரி உள்ளே வந்தாள். "உங்களுக்காக ஆபீஸ்ல சண்ட போட்டுட்டு வந்துருக்கேன். உங்க எடத்துல இன்னொருத்தங்க வந்து கத்துக்கிட்டுப் போயிருப்பாங்க. எப்ப வந்துச்சு இது உங்களுக்கு?"

"மொத வாரமே வந்துருச்சு டீச்சர்."

"அப்புறம் எதுக்கு இப்புடிப் பண்ணீங்க?"

இருளாயி தலைப்பின் நுனியை விரலில் சுற்றினாள்.

"எங்க வீட்டுக்காரரு போனதுல இருந்து எம்மேல ஒரு கை பட்டதில்ல டீச்சர்" என்றாள். "தப்பா நின்னாத்தான நீங்க வந்து தொடுறீக."