ஆயிரத்தைந்நூறு இலை

கோவிந்தம்மா கடைசியாகக் கையில் பிடித்தது ஒரு பால்பாயின்ட் பேனா. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி, மகள் பிரவீனாவின் கல்யாணச் செலவுப் பட்டியலில் 'ஐஸ்கிரீம்' என்ற வரியை இரண்டு கோடு போட்டு அடித்தாள்.

"பழம் கீது, பீடா கீது. இது இன்னாத்துக்கு?"

"உன் தம்பி ராஜாமணி வூட்டுக் கல்யாணத்துல ரெண்டு வகை வச்சான்" என்றார் கணவர் நாகப்பன்.

"வச்சான். இன்னிக்கும் வட்டி கட்டிகினு கீறான்."

நாகப்பன் அதைக் கீழே மறுபடி எழுதினார். அவள் மறுபடி இரண்டு கோடு போட்டாள். பிறகு, "நீ போய் டீ குடிச்சிட்டு வா. பொண்ணு இங்கியே இருக்கட்டும்" என்று அவரை அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை அவள் இல்லை.

தடுக்க ஆள் இல்லாமல் போனதும் பட்ஜெட் வளர ஆரம்பித்தது என்று சொன்னால் நாகப்பனுக்குக் கோபம் வரும். ஆனால் அதுதான் நடந்தது. அவள் போட்டுவைத்த நாலு லட்சம், காரியம் முடிந்த வாரமே எட்டானது. ராஜாமணி மகள் கல்யாணத்தில் ட்ரோன் பறந்தது ஞாபகம் வந்ததும் பன்னிரண்டு. 'தாயில்லாப் பொண்ணு, ஒரு குறையும் வைக்கக் கூடாது' என்று உறவுக்காரர்கள் கண்ணைத் துடைத்ததும் பதினாறு. கண்ணைத் துடைத்த கை ஒன்றுகூடப் பர்ஸ் பக்கம் போகவில்லை. ராஜாமணி போட்டது ஆயிரத்து நானூறு இலை. ஆகவே இங்கே ஆயிரத்தைந்நூறு.

மாப்பிள்ளை பேச்சிராஜ் தெற்கத்திப் பையன். ஒரகடத்தில் பிரவீனா வேலை செய்யும் அதே கம்பெனியில், அதே லைனில் வேலை. "இருநூறு பேரு போதுமே மாமா" என்று ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தான்.

"உன்னிய இங்க யாருக்குத் தெரியும் தம்பி? என்னிய ஊருக்கே தெரியும்" என்றார் நாகப்பன்.

தெரியும்தான். வடக்குப்பட்டில் நிலமெல்லாம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு, கம்பெனி பஸ் ஓட்டும் நாகப்பனிடம் மிஞ்சியது ஒரு வீடும் நிறைய கௌரவமும். கௌரவத்தின் பேரில் எவனும் கடன் தரமாட்டான். அதனால் வீட்டை அடகு வைப்பது என்று முடிவாயிற்று. திங்கட்கிழமை பத்து மணிக்குப் பத்திரத்தோடு வரும்படி ஸ்ரீபெரும்புதூர் ஃபைனான்ஸ்காரர் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு பீரோவைத் திறந்தார். பத்திரம் இல்லை. கோவிந்தம்மாவின் பதினெட்டு சவரன் இல்லை. வீட்டில் பிரவீனாவும் இல்லை. பேச்சிராஜின் போன் அணைந்து கிடந்தது. அவன் அறையில் பூட்டுத் தொங்கியது.

"நான் அப்பவே சொல்லல மாமா?" என்றான் ராஜாமணி. அவன் எப்போதும் சொன்னதில்லை. "முன்னப்பின்ன தெரியாத பய. கல்யாணத்துக்குப் பன்னெண்டு நாள் இருக்க சொல்ல, மொத்தமா வாரிகினு பூட்டான் பாரு."

போலீஸ் ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் சத்யப்பிரியா பொறுமையாகக் கேட்டார்.

"நிச்சயம் பண்ண மாப்பிள்ளையே பொண்ணைக் கடத்திட்டாரா?"

"பொண்ணோட சேத்து வூட்டுப் பத்திரத்தையும் மேடம்."

"முதல்ல எதைத் தேடணும்?"

நாகப்பன் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் கொஞ்சம் அதிகம்தான்.

புகார் பாதி எழுதியிருக்கும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கழுத்தில் மாலையோடு இருவரும் இறங்கினார்கள். பிரவீனாவின் கழுத்தில் மஞ்சள் இன்னும் காயவில்லை. கையிலிருந்த பையை மேஜைமேல் வைத்தாள். பதினெட்டு சவரனும் இருந்தது. பிளாஸ்டிக் கவரில் பத்திரமும் மடிப்புக் கலையாமல் இருந்தது.

"திருட்டுப் பயலே!" என்று பாய்ந்தார் நாகப்பன்.

"நானா ஒண்ணும் எடுக்கல மாமா. எடுக்கச் சொன்னாவ, எடுத்தோம்" என்றான் பேச்சிராஜ்.

"யார் சொன்னது?" என்றார் சத்யப்பிரியா.

பிரவீனா நாலாக மடித்த ஒரு தாளை நீட்டினாள். சத்யப்பிரியா அதைச் சத்தமாகப் படித்தார்:

"'வீட்டை அடகு வைக்கப் போகிற அன்று காலையில் பத்திரத்தையும் நகையையும் எடுத்துக்கொண்டு கிளம்பவும். வல்லக்கோட்டைக் கோயில் ரசீது. மாலை இரண்டு. ஆட்டோ. இருபது பேருக்குச் சாப்பாடு. தாலி கட்டியதும் நேராக ஸ்டேஷனுக்குப் போகவும், அப்பா அங்கேதான் இருப்பார். அங்கே எல்லோருக்கும் டீ. ஆக மொத்தம் பதினோராயிரம். ஓடிப்போன பெண்ணுக்கு ஊர் விருந்து கேட்காது.'"

ஏட்டு ஒருவர் சிரித்துவிட்டு, சிரிக்காததுபோல இருமினார். ராஜாமணி மட்டும் கணக்குப் போடுகிறவன்போல உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான்.

"இது சின்னப் பசங்க மூளை இல்ல" என்றார் சத்யப்பிரியா. "உங்களை உள்ளங்கை மாதிரி தெரிஞ்ச யாரோ உக்காந்து திட்டம் போட்டிருக்காங்க. கையெழுத்து யாருதுன்னு பாருங்க. பேரை மட்டும் சொல்லுங்க, சாயந்தரத்துக்குள்ள இங்க கொண்டாந்து நிறுத்தறேன்."

பேச்சிராஜ் வெளியே போய் டீ சொல்லிவிட்டு வந்தான். நாகப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை பார்த்தார். ஒரு இடத்தில் கட்டைவிரலை வைத்தார். பிறகு எடுக்கவே இல்லை.

"முடியாது மேடம்" என்றார்.

விரலுக்குக் கீழே, பட்டியலின் கடைசி வரியில், 'ஐஸ்கிரீம்' என்று எழுதி அதன்மேல் இரண்டு கோடு போட்டு அடித்திருந்தது.