கழுகு பார்த்தது

தங்கைக்காரியால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. டாக்டரின் நாற்காலிக்குப் பின்னால் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்துகொண்டிருந்தாள்.

திரையில் அக்கா புருஷனின் மூளை. அதன் இடப்பக்கத்தில் ஒரு சிவப்பு வளையம்.

வளையம் போட்டது அவளுடைய மெஷின். ஆயிரக்கணக்கான ஸ்கேன் படங்களை ஊட்டி, இது கட்டி, இது கட்டியில்லை என்று சொல்லிச் சொல்லி அவள் வளர்த்தது. ஆஸ்பத்திரியில் அதற்குக் கழுகு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கழுகு வளையம் போட்ட படங்களை மட்டும்தான் இப்போதெல்லாம் டாக்டர் பார்க்கிறார். மற்றவர்கள் 'ஒன்றுமில்லை' என்ற சொல்லோடு அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். அந்த ஏற்பாட்டுக்காக மல்லுக்கு நின்றவளும் அவள்தான்.

அத்தான் படியில் தடுக்கி விழுந்தார், அவ்வளவுதான். எதற்கும் ஒரு படம் எடுத்துவிடலாம் என்று இவள்தான் இழுத்துவந்தாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை.

வெளியே பெஞ்சில் அக்கா அழுதுகொண்டிருந்தாள். அந்த விசும்பல் உள்ளே வரை கேட்டது. எதையாவது சொல்லித் தொலையுங்களேன் என்று டாக்டரின் தோளைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது.

அவரோ கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார். படத்தின் அடியோரத்தில் வெளிறித் தெரிந்த ஒரு வளைகோட்டைப் பேனாவால் தொட்டு, இது என்ன என்றார்.

அத்தானுக்குக் கழுத்து வலி, அதனால் திண்டு வைத்துப் படுக்கவைத்தோம் என்றாள்.

கழுகுக்கு ஊட்டிய கட்டிப் படங்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டார். புற்றுநோய் ஆஸ்பத்திரியிலிருந்து. அங்கே எல்லோருக்கும் கழுத்தடியில் திண்டு வைத்துத்தான் எடுப்பார்கள். நல்ல தலைகளின் படங்கள் வேறு இடத்திலிருந்து வந்தவை. அங்கே திண்டு கிடையாது.

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது. டாக்டர் சிரித்தேவிட்டார்.

"உன் கழுகு கட்டியைப் பாக்கலம்மா, திண்டைப் பாக்குது. உங்க அத்தான் தலையில ஒண்ணுமே இல்ல."

போன உயிர் திரும்பி வந்தது. இத்தனை வருஷ உழைப்பும் மண்ணாய்ப் போனது அந்த நேரத்தில் உறைக்கக்கூட இல்லை. ஒரே ஓட்டமாக ஓடி அக்காவைக் கட்டிக்கொண்டாள். அத்தானுக்கு ஒன்றுமில்லை, மெஷின்தான் தப்பு என்று மூச்சுவாங்கச் சொன்னாள்.

அக்கா அழுதாள், சிரித்தாள், கழுகைத் தூக்கிக் குப்பையில் போடு என்று திட்டினாள். அந்த மனுஷன் தலைக்குள் ஒன்றுமில்லை என்பது கல்யாணமான அன்றைக்கே எனக்குத் தெரியுமே என்றாள். இரண்டு பேரும் பெஞ்சில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் அக்கா நெற்றிப்பொட்டை விரலால் அழுத்திக்கொண்டாள்.

"போன மாசம் என் தலைவலிக்குப் படம் எடுத்தப்ப உன் கழுகு ஒண்ணுமில்லைன்னு சொல்லிச்சே, அதை மட்டும் சரியாத்தானேடி சொல்லியிருக்கும்?"