முப்பது சென்டிமீட்டர் சட்டம்

முப்பது சென்டிமீட்டருக்குக் குறைந்த விளைமீனைப் பிடிக்கக் கூடாது என்று இருபது வருடங்களுக்கு முன் சட்டம் எழுதி, அதற்காக ஏழெட்டுப் பொன்னாடைகளும் வாங்கிக்கொண்ட மீன்வளத் துறை அதிகாரி நான். இன்று ஏலக்கூடத்தில் மீன் விற்க வந்த மிக்கேலம்மாளின் கூடையில் கிடந்ததெல்லாம் ஒரு சாண் விளைமீன்கள். குஞ்சுகளைக் கொல்வது பாவம் என்று கூட்டம் முழுவதும் கேட்கும்படி உபதேசித்துவிட்டு, கூடையைப் பறிமுதல் செய்யச் சொன்னேன். அவள் ஒரு மீனின் வயிற்றைக் கீறினாள். முற்றிய சினை வழிந்தது.

"குஞ்சு இல்ல சார், இது தாயி. வெரசா வளந்ததையெல்லாம் ஒங்க சட்டப்படி அரிச்சு எடுத்தாச்சு. வளராததுதான் தப்பிச்சுப் பெத்துப் போட்டுட்டுக் கெடக்கு. அதுக்குப் பொறந்ததும் இம்புட்டுதான் வளருது."

மீனை என் கையில் வைத்தாள்.

"எவ்வளவு வளரணும்னு நீங்களே அதுகிட்ட சொல்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. என் இன்னொரு கை, பழக்கதோஷத்தில், பைக்குள் அளவுகோலைத் தேடிக்கொண்டிருந்தது.